கல்லின் வரலாறு கண்ட ஜேம்ஸ் ஹட்டன்

மலைநாட்டு வழியே செல்லும் ஒருவன் குனிந்து இரண்டு கற்களை எடுக்கின்றான் என்று கொள்வோம். ஒன்று மணற்கல், மற்றொன்று கிரானைட்டு. வீடு கட்டுவோன் அவற்றை நோக்கின், எது உளிக்கு இணங்கும், எது பாரந் தாங்கும் என்று எண்ணுவான். குழந்தை நோக்கின், எதன் நிறம் அழகியது என்று எண்ணும். ஆயின், இவ்விரண்டும் பிறந்த வகை யாது, ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உறவு யாது என்று வினவினோர் பண்டு மிகச் சிலரே. அவ்வாறு வினவி, அவ்வினாவை ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் குன்றின் பிளவுக்கும் கொண்டுசென்று விடை தேடியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹட்டன் என்னும் பெரியார். நிலநூலார் தம் நூலுக்குத் தந்தையென அவரைப் போற்றுவர். அவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கற்கள்

அவர் வரலாற்றினுட் புகுமுன், அக்கற்கள் இரண்டின் இயல்பைச் சிறிது நோக்குதல் நலம். மணற்கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பின், அது மணலே என்பது விளங்கும். ஒவ்வொரு மணியும் நீரால் உருட்டப்பட்டு முனை மழுங்கியிருக்கும். அம்மணிகளுக்கு இடையே சுண்ணமோ இரும்புத் துருவோ வேறொரு பொருளோ சாந்துபோல் நின்று அவற்றைப் பிணித்திருக்கும். பாறை முழுவதும் ஏட்டுச்சுவடியின் ஏடுகள்போல் அடுக்கடுக்காய்க் கிடக்கும். சில அடுக்குகளிற் கிளிஞ்சலும் மீனெலும்பும் அகப்படும். சிலவற்றில் அலை தவழ்ந்து சென்ற வரிகள் அப்படியே கல்லாய்ச் சமைந்திருக்கும். இத்தகைய கல்லைப் படிவுப்பாறை என்கின்றோம்.

கிரானைட்டின் இயல்போ இதற்கு மாறானது. அதில் அடுக்கு இல்லை, கிளிஞ்சல் இல்லை, உருண்ட மணி இல்லை. கண்ணாடிபோல் ஒளிரும் குவார்ட்சு, வெண்மையாகவோ செம்மையாகவோ தோன்றும் பெல்ஸ்பார், காக்காய்ப்பொன் என்று நம்மவர் கூறும் அப்பிரகம் ஆகிய இவற்றின் பளிங்குகள், விரலோடு விரல் கோத்ததுபோல் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்கும். இடையே சாந்து இல்லை. பளிங்கே பளிங்கைப் பற்றி நிற்கின்றது. உருகிய பொருள் மெல்ல ஆறி உறைந்தாலன்றி இவ்வமைப்பு உண்டாகாது. இத்தகைய கல்லை அனற்பாறை என்கின்றோம்.

இவ்வேறுபாட்டை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டில் இஃது அறிஞருட் பெரும்போரை விளைத்த செய்தியாகும். அப்போரின் நடுவே நின்றவர் ஹட்டன்.

பிறப்பும் கல்வியும்

ஹட்டன் எடின்பரோ நகரத்தில் 1726-ஆம் ஆண்டில், பழைய பஞ்சாங்கக் கணக்குப்படி ஜூன் மாதம் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஹட்டன் வணிகர். நகரத்தின் பொருட்காப்பாளராகவும் இருந்தவர். மகனுக்கு மூன்று வயது நிரம்பிய காலத்து அவர் காலஞ்சென்றார். பிள்ளைகளை வளர்த்துக் கற்பித்த பொறுப்பு முழுவதும் தாயாரைச் சார்ந்தது. ஹட்டன் நகரத்து உயர்பள்ளியிற் பயின்று, பதினான்காம் வயதிற் சர்வகலாசாலையிற் சேர்ந்தார்.

ஆங்கு நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. தருக்க நூல் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் தம் பொருளை விளக்குதற்குப் பொன்னை எடுத்துக்காட்டினார். தாழ்ந்த உலோகங்கள் தனித்த திராவகத்திலே கரைந்துபோகும். பொன்னோ இருவகைத் திராவகங்கள் கலந்த இராஜதிராவகத்தில்தான் கரையும் என்றார். தருக்கம் மாணவருடைய மனத்தில் நின்றதோ இல்லையோ, பொன்னும் திராவகமும் நின்றுவிட்டன. அன்று தொட்டு ரசாயன நூல்களைத் தேடித்தேடிப் படிக்கலாயினார்.

உறவினர் அவரை வழக்கறிஞராக்க விரும்பி, 1743-ஆம் ஆண்டில் ஒருவரிடம் தொழில் பயில விடுத்தனர். பத்திரங்களைப் படியெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் உடன்பயில்வோரைக் கூட்டி ரசாயனச் சோதனைகள் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட தலைவர் சினவாது, இவ்விளைஞர் பிறந்தது வேறு தொழிலுக்கென்று உணர்ந்து, ஒப்பந்தத்தினின்று விடுவித்தார். மாணவனது இயல்பறிந்து வழிவிட்ட அப்பெருந்தகைக்கு நிலநூல் கடன்பட்டதாகும்.

ரசாயனத்திற்கு அண்மையில் உள்ள கல்வி மருத்துவமே என்று கருதிய ஹட்டன், எடின்பரோவிலும் பாரிசிலும் அதனைக் கற்று, 1749-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரிற் பட்டம் பெற்றார். பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சியின் பொருள் உடலினுள் இரத்தம் சுழன்று வருதல். பிற்காலத்தில் உலகத்துப் பொருள்களெல்லாம் தேய்ந்து மீண்டும் பிறந்து சுழன்று வருவதைக் கூறப்போகின்றவர், இளமையில் இரத்தத்தின் சுழற்சியை ஆராய்ந்தது நினைக்கத்தக்கது. ஆயினும் மருத்துவராய் அவர் ஒருநாளும் வாழ்ந்தாரில்லர். நண்பர் ஜேம்ஸ் டேவி என்பவருடன் சேர்ந்து, நிலக்கரிப் புகையின் கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் முறையைக் கண்டார். அத்தொழில் பின்னாளில் நல்லூதியம் தந்து, பிழைப்பின் கவலையின்றி ஆராய்ச்சியில் ஈடுபட அவருக்கு உதவியது.

உழவரான மருத்துவர்

தந்தையார் விட்டுச்சென்ற பண்ணை நிலம் பெரிக்ஷயர் நாட்டில் இருந்தது. அதனைத் தாமே உழுது பயிரிடுவதென்று ஹட்டன் துணிந்தார். துணிந்தவுடன் கலப்பையைப் பற்றிவிடவில்லை. 1752-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்போக் பகுதிக்குச் சென்று, சிறந்த உழவர் ஒருவர் வீட்டிலே தங்கித் தொழில் கற்றார். 1754-ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது நார்போக் கலப்பையையும் உழவன் ஒருவனையும் உடன்கொண்டு வந்து, அப்பக்கத்தார் காணாத புதுமுறை உழவினை நடத்திக் காட்டினார். ஏறக்குறையப் பதின்மூன்றாண்டுகள் அப்பண்ணையிலேயே கழிந்தன.

கற்றவர் ஒருவர் இங்ஙனம் சேற்றிலும் சாணத்திலும் காலங் கழித்தது வீண் என்று சிலர் கருதக்கூடும். உண்மை அதுவன்று. வயல்தான் அவருக்கு முதற் பள்ளிக்கூடம். நார்போக்கில் இருந்தபோதே, வெட்டிய கிடங்கையோ, வடிகாலையோ, ஆற்றுப்படுகையையோ கண்டால் உள்ளே எட்டிப் பார்க்காமற் செல்வதில்லை என்னும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. மழைக்காலத்தில் வயலின் மண் கரைந்து ஓடைக்குச் செல்வதைக் கண்டார். ஓடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் அதனைக் கொண்டுசெல்வதைக் கண்டார். எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது நம்மவர் வழக்கு. நீரூர மலையே தேய்வதை அவர் கண்ணாற் கண்டார்.

உழவனுக்கு இக்காட்சி அச்சந் தருவது. மண் இல்லையேற் பயிர் இல்லை. பயிர் இல்லையேல் உயிர் இல்லை. மண்ணோ பாறை தேய்ந்தாலன்றி உண்டாகாது. உண்டான மண்ணும் நிலைத்து நில்லாது கடலுக்கே செல்கின்றது. எனவே, உலகம் உயிர்களைத் தாங்கும் பொருட்டே அழிந்துகொண்டிருக்கின்றது. இவ்வழிவிற்கு ஈடுசெய்யும் ஆக்கம் ஒன்று எங்கேனும் நிகழாதாயின், மலையெல்லாம் ஒருநாள் கடலடியிற் கிடக்கும், உலகம் பாழாகும். அத்தகைய ஆக்கம் உண்டா? உண்டாயின் அது யாது? இவ்வினாவோடுதான் அவர் வயலைவிட்டு நகரத்திற்குத் திரும்பினார்.

நகர வாழ்வும் நண்பர் குழுவும்

ஏறக்குறைய 1767-ஆம் ஆண்டில் பண்ணையைக் குத்தகைக்கு விட்டு எடின்பரோவிற் குடியேறிய ஹட்டன், தம் உடன்பிறந்த மகளிர் மூவருடன் வாழ்ந்தார், மணஞ் செய்துகொள்ளவில்லை. அவர் இல்லம் நின்ற மேட்டிலிருந்து நோக்கினால், சாலிஸ்பரி பாறைகள் என்னும் செங்குத்தான கரிய பாறைவரிசை எதிரே தோன்றும். போர்த்து, கிளைடு என்னும் ஆறுகளை இணைக்க வெட்டிய கால்வாயின் மேற்பார்வைக் குழுவிலும் அவர் சில ஆண்டுகள் இருந்தமையால், வெட்டப்பட்ட நிலத்தின் உள்ளமைப்பைக் காணும் வாய்ப்பு மிகுதியாகக் கிடைத்தது.

அந்நாளைய எடின்பரோ அறிஞர் நிறைந்த நகரம். பொருளியல் நூல் வகுத்த ஆடம் ஸ்மித், நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், சுண்ணாம்புக்கல்லினின்று வெளிப்படும் வாயுவைக் கண்டறிந்த ஜோசப் பிளாக் ஆகியோர் ஹட்டனுக்கு நெருங்கிய நண்பர். ஆடம் ஸ்மித் 1790-ஆம் ஆண்டில் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற எழுத்துக்களைப் பேணும் பொறுப்பினைப் பிளாக்கும் ஹட்டனுமே ஏற்றனர். ஹட்டன் மது அருந்தார், உணவிலும் அளவினர், உடையைப் பற்றிக் கவலை கொள்ளார். பேச்சில் மட்டும் வறுமையில்லை. நண்பர் கூட்டத்தில் அவர் புகுந்தாற் களிப்பும் உடன்புகும் என்பர்.

நீரா, நெருப்பா?

அக்காலத்து ஐரோப்பாவில் நிலநூலிற் புகழ்பெற்று விளங்கிய ஆசிரியர், சாக்ஸனி நாட்டுப் பிரைபெர்க் சுரங்கக் கலாசாலையைச் சேர்ந்த வெர்னர் என்பவர். ஆதியில் உலகமுழுதும் ஒரு பெருங்கடல் மூடியிருந்தது. அந்நீரிற் கரைந்திருந்த பொருள்கள் முதலிற் கிரானைட்டாகவும், பின்னர் மற்றைப் பாறைகளாகவும் படிந்தன. பசால்ட்டு என்னும் கரிய கல்லும் நீரிற் படிந்ததே என்பது அவர் கொள்கை. அதாவது, மணற்கல்லும் கிரானைட்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று மூத்தது, மற்றொன்று இளையது, வேறுபாடு அவ்வளவே. வெர்னர் சிறந்த பேராசிரியர். கனிகளை வகைப்படுத்துவதில் வல்லவர். அவர் சொல்லைக் கேட்கப் பல நாட்டு மாணவர் வந்து குழுமினர்.

ஹட்டன் இதற்கு மாறாகச் சிந்தித்தார். கடலடியில் மணலும் சேறும் கிளிஞ்சலும் படிந்து மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் உண்டாயின என்பதில் ஐயமில்லை. அவை இன்று உயர்ந்த நிலத்திற் காணப்படுவது எங்ஙனம்? கடல் வற்றிற்று என்றால், வற்றிய நீர் எங்கே சென்றது? கிடையாய்ப் படிந்த அடுக்குகள் சாய்ந்தும் மடிந்தும் கிடப்பது எதனால்? கீழிருந்து அவற்றை உயர்த்திய ஆற்றல் ஒன்று இருத்தல் வேண்டும். அது பூமியின் உள்வெப்பமே. அவ்வெப்பத்தால் உருகிய பொருள் மேல்நோக்கிப் புகுந்து ஆறியதே கிரானைட்டும் பசால்ட்டும். ஆதலின் இருவகைக் கற்களும் இருவகைப் பிறப்பின. படிவுப்பாறை பழைய நிலம் அழிந்ததற்குச் சான்று. அனற்பாறை புதிய நிலத்தை எழுப்பும் ஆற்றலுக்குச் சான்று. உழவர் ஹட்டன் தேடிய ஈடு இதுவே.

1783-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எடின்பரோ இராயல் சங்கத்தின் முன்பு, 1785-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் இக்கொள்கையின் முற்பகுதி படிக்கப்பட்டது. ஹட்டன் நோயுற்றிருந்தமையால் நண்பர் பிளாக் அதனைப் படித்தார். ஏப்ரல் 4-ஆம் நாள் பிற்பகுதியை ஹட்டனே படித்தார். நிலம் அழிந்து கடலிற் படியவும், படிந்தது இறுகவும், இறுகியது உயரவும் வேண்டிய காலம் மனிதரின் ஆண்டுக் கணக்கிற்கு அடங்காது என்பது அவர் முடிபு. உலகந் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று பலரும் கொண்டிருந்த காலம் அது. ஆகவே கேட்டோர் திகைத்ததில் வியப்பில்லை.

கிளென் டில்ட் பள்ளத்தாக்கு

திகைப்பு ஒருபுறமிருக்க, கொள்கையில் ஒரு குறை இருந்தது. கிரானைட்டு உருகி எழுந்தது என்று கூறிய ஹட்டன், அக்கல்லை அதன் பிறப்பிடத்திற் கண்ட இடங்கள் மிகச் சிலவே. போர்த்சாய் என்னும் ஊரினின்று கிடைத்த ஒரு கல்லில், குவார்ட்சும் பெல்ஸ்பாரும் எழுத்துக்கள் பொறித்தாற்போல் ஒன்றனுள் ஒன்று வளர்ந்திருந்தன. ஒன்று முன்பு நீரிற் படிந்து மற்றொன்று பின்பு படிந்திருப்பின் இவ்வாறு அமையாது என்று அவர் வாதித்தார். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்தொடரின் வரலாற்றை நிறுவுதல் கூடுமா என்று பிறர் வினவின் என் செய்வது?

சொல்லால் விடைகூற அவர் விரும்பவில்லை. தம் கொள்கை பொய்யாயிற் பொய்யென்று காட்டிவிடக்கூடிய சோதனை ஒன்றை அவரே வகுத்துக்கொண்டார். கிரானைட்டு முதலிற் படிந்த மூத்த பாறையாயின், அது பிற பாறைகளின் கீழே அமைதியாய்க் கிடக்க வேண்டும். உருகி எழுந்ததாயின், தன்னைச் சூழ்ந்த பழைய பாறையைப் பிளந்து, அப்பிளவுகளினுள் நரம்புபோல் ஓடியிருக்க வேண்டும். இருவகைப் பாறைகளும் சந்திக்கும் இடத்திற்குச் சென்றால் உண்மை வெளிப்படும்.

அவ்வாண்டின் வேனிற்கால முடிவில், ஐம்பத்தொன்பது வயதினரான ஹட்டன், சித்திரம் எழுத வல்ல நண்பர் எல்டின் ஊர் ஜான் கிளார்க்குடன் கிராம்பியன் மலைகளினிடையே உள்ள கிளென் டில்ட் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். டில்ட் ஆறு பாறையை அறுத்து ஓடும் படுகையில், அவர் எதிர்பார்த்த காட்சி கண்முன் நின்றது. கரிய அடுக்குப் பாறையினுள்ளே, செந்நிறக் கிரானைட்டு நரம்பு நரம்பாய்ப் பாய்ந்திருந்தது. பழம்பாறையின் துண்டுகளைப் பெயர்த்துத் தன்னுள் அகப்படுத்தியும் இருந்தது. பிளக்கப்பட்டது முன்பு இருந்தது. பிளந்து புகுந்தது பின்பு வந்தது. ஆகவே கிரானைட்டு மூத்த கல்லன்று. நீரிற் படிந்த கல்லுமன்று. ஹட்டன் அடைந்த பேருவகையைக் கண்டு, வழிகாட்டிகள் இவர் பொன்னோ வெள்ளியோ கண்டுகொண்டார் என்றே நினைத்தனராம். அவர்கள் நினைத்ததிற் பிழையில்லை. பொன்னினும் அரியதொன்றை அவர் கண்டார்.

தம் வீட்டெதிரே நின்ற சாலிஸ்பரி பாறைகளிலும் இச்சான்று உண்டு. அங்கே படிவுப்பாறை அடுக்குகளின் நடுவே கரிய அனற்பாறை பலகைபோற் புகுந்து கிடக்கின்றது. அது புகுந்தபோது கீழடுக்கின் ஒரு பகுதியைப் பெயர்த்து மேலே நெம்பியிருப்பதை இன்றும் காணலாம். அனற்பாறை பழம்பாறையைத் தொடும் ஓரங்களில் விரைவாக ஆறினமையால் நுண்பளிங்கும், உட்புறத்தில் மெல்ல ஆறினமையாற் பெரும்பளிங்கும் உடையது. அதனைத் தொட்ட படிவுப்பாறையோ சூளையில் வைத்த செங்கல்போற் சுட்டு இறுகியிருக்கின்றது. கல்வெட்டும் தொழிலாளர் அக்குன்றை உடைத்து வந்த காலத்தில், ஆராய்ச்சிக்குரிய பாறையொன்றை விட்டுவைக்குமாறு ஹட்டன் வேண்டினார் என்பர். அப்பாறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

சிக்கர் முனை

அனற்பாறையின் பிறப்பு விளங்கிற்று. உலகம் ஒருமுறையன்றிப் பன்முறை அழிந்தும் ஆகியும் வந்தது என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது. 1788-ஆம் ஆண்டு வேனில் தொடக்கத்தில், கணித ஆசிரியர் ஜான் பிளேபேர், இளைஞரான சர் ஜேம்ஸ் ஹால் என்னும் இருவருடன் ஹட்டன் படகேறிப் பெரிக்ஷயர்க் கடற்கரையோரமாய்ச் சென்றார். சிக்கர் முனை என்னும் இடத்திற் படகை நிறுத்தினர்.

அங்கே சாம்பல்நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள்போல் நெட்டாக நிற்கின்றன. அவற்றின் தேய்ந்த தலைகளின்மீது, செந்நிற மணற்கல் அடுக்குகள் ஏறக்குறையக் கிடையாய்ப் படிந்திருக்கின்றன. இக்காட்சியை அலைகள் கழுவித் துலக்கி வைத்திருந்தன. ஹட்டன் நண்பர்க்கு அதன் பொருளை விளக்கினார். சாம்பல்நிறப் பாறை முதலிற் கடலடியிற் கிடையாய்ப் படிந்தது; இறுகியது; உள்ளாற்றலால் மடிந்து நிமிர்ந்து நிலமாய் உயர்ந்தது; மழையாலும் ஆற்றாலும் தேய்ந்து தாழ்ந்தது; அதன்மேல் வேறொரு நிலம் தேய்ந்த செம்மணல் வந்து படிந்தது; அதுவும் இறுகி, மீண்டும் உயர்ந்தது. ஒரு சாண் அளவே தோன்றும் எல்லைக்கோட்டினுள்ளே ஓர் உலகத்தின் அழிவும் மற்றோர் உலகத்தின் ஆக்கமும் அடங்கியிருந்தன. உடனிருந்த பிளேபேர், காலத்தின் ஆழத்தை எண்ணித் தம் மனம் தலைசுற்றியதாகப் பின்னர் எழுதியுள்ளார்.

கீழுள்ள பாறை ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகட்கு முற்பட்டதென்றும், மேலுள்ள மணற்கல் ஏறக்குறைய 37 கோடி ஆண்டுகட்கு முற்பட்டதென்றும் இக்காலத்தார் கணித்துள்ளனர். அக்கோட்டில் மறைந்து கிடக்கும் காலம் மட்டுமே ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகள். இவ்வெண்களை ஹட்டன் அறியார். அறியக் கருவியும் அன்று இல்லை. காலம் மிக நெடிது என்பதை மட்டும் கல்லினின்று படித்தறிந்தார்.

எதிர்ப்பும் இறுதியும்

1788-ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை சங்கத்தின் வெளியீட்டில் முழுமையாக அச்சேறிற்று. புகழ் வரவில்லை, எதிர்ப்பு வந்தது. 1793-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு ரிச்சர்டு கிர்வன் என்னும் ரசாயன அறிஞர் கடுமையாகத் தாக்கினார். இக்கொள்கை படைப்பையே மறுப்பது, சமயத்திற்கு மாறானது என்ற பழியும் அதனோடு சேர்ந்தது. ஹட்டனோ கடவுளை மறுத்தவரல்லர். உயிர்கள் வாழ்தற்பொருட்டு உலகம் அறிவோடு அமைக்கப்பட்டது என்பதும், தன் தேய்வைத் தானே ஈடுசெய்துகொள்ளும் உலகமே அமைத்தவரின் பேரறிவைக் காட்டும் என்பதும் அவர் உறுதியாய்க் கொண்டவை. ஆதலின் அப்பழி அவரை மிகவும் வருத்தியது.

அவ்வாண்டிலேதான் கொடிய சிறுநீரடைப்பு நோயும் அவரைப் பற்றியது. அறுவை மருத்துவத்தால் உயிர் மீண்டதேயன்றி வலிமை மீளவில்லை. மலையேறிய கால்கள் அறையினுள் அடங்கின. ஆயினும், கிர்வனது நூல் கைக்கு வந்த மறுநாளே ஹட்டன் தம் கையெழுத்துப் படிகளைத் திருத்தத் தொடங்கினார் என்று பிளேபேர் கூறுவர். பூமியின் கொள்கை என்னும் அவர் நூல் 1795-ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1797-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நகரத்துக் கிரேபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற்றார். அவர் கிடந்த இடத்தை அறிவிக்கும் நினைவுக்கல் 1947-ஆம் ஆண்டு வரையில் அங்கு இல்லை. கற்களுக்கெல்லாம் வரலாறு கண்டவருக்குப் பெயர் பொறித்த ஒரு கல் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

நண்பர் செய்த நன்றி

ஹட்டனது நூலை முற்றும் படித்தோர் சிலரே. பேச்சில் இனியராகிய அவர், எழுத்தில் நீண்டு சுழலும் வாக்கியங்களையும், பக்கம் பக்கமாய்ப் பிறமொழி மேற்கோள்களையும் அடுக்கினார். பொருள் பொன்னாயினும் அது பாறையினுட் புதைந்து கிடந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவர் பிளேபேர். 1802-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விளக்கநூல், தெளிந்த நடையில் நண்பரின் கொள்கையை உலகிற்கு உணர்த்திற்று.

சர் ஜேம்ஸ் ஹால் வேறொரு வகையில் உதவினார். பூமியின் பெருஞ்செயல்களைச் சிறு உலைமூக்கினுள் வைத்துச் சோதித்தல் இயலாது என்பது ஹட்டன் கருத்து. பெரியவர் மனம் நோவாதிருக்க, அவர் வாழ்ந்த காலத்து ஹால் காத்திருந்தார். பின்பு கரிய அனற்பாறையை உலையிலிட்டு உருக்கினார். விரைவாக ஆற்றியபோது அது கண்ணாடியாயிற்று. மெல்ல ஆற்றியபோது மீண்டும் பளிங்குக் கல்லாயிற்று. உருகியது ஆறினாற் கண்ணாடியே ஆகும், கல்லாகாது என்ற எதிரிகளின் வாதம் 1798-ஆம் ஆண்டில் இதனால் வீழ்ந்தது.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் வாயு வெளியேறிச் சுண்ணாம்பாகிவிடுமே, பூமியின் வெப்பத்தில் அது கல்லாய் நிற்பது எங்ஙனம் என்ற தடையும் இருந்தது. கடலின் பெரும்பாரம் வாயுவை வெளியேற விடாது என்று ஹட்டன் விடை கூறியிருந்தார். ஹால் துப்பாக்கிக் குழல்களில் அக்கல்லின் பொடியை அடைத்து மூடிச் சுட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, அது சலவைக்கல் போன்ற கல்லாவதைக் காட்டினார்.

வெர்னரின் மாணாக்கர் சிலரே பிரான்சு தேசத்து அவிந்த எரிமலைகளை நேரிற் கண்டு, பசால்ட்டு நெருப்பிற் பிறந்ததே என்று மனம் மாறினர். ஹட்டன் இறந்த அதே 1797-ஆம் ஆண்டிற் பிறந்த சார்லஸ் லயல், 1830-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நிலநூலில் அக்கொள்கையை விரித்து நாட்டினார். அந்நூலின் முதற்றொகுதியைச் சார்லஸ் டார்வின் தம் கடற்பயணத்தில் உடன்கொண்டு சென்றார். நெடிய காலம் உண்டு என்று ஹட்டன் காட்டியிராவிடின், உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வந்த வரலாற்றை எழுத இடமேது?

மதிப்பீடு

ஹட்டன் கூறியன யாவும் நிலைத்தனவல்ல. மணலும் சேறும் கல்லாய் இறுகுதற்கும் கொடிய வெப்பமே காரணம் என்று அவர் கருதினார். மேலுள்ள பாரம் அழுத்துவதாலும், நிலத்தடி நீர் கொணரும் சுண்ணம் முதலிய பொருள்கள் இடையே படிந்து பிணிப்பதாலுமே பெரும்பாலும் படிவுப்பாறை இறுகுகின்றது என்பது இன்று தெளிவு. இவ்வொரு செய்தியில் நீரின் பங்கை வற்புறுத்திய எதிர்க்கட்சியார் உண்மைக்கு அணித்தாய் இருந்தனர். நெருப்பின் ஆற்றலைக் கண்டவர் அதனை அளவுக்கு மேலும் கண்டுவிட்டார். இதனைக் கூறுதல் அவர் பெருமைக்கு இழுக்கன்று. பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் என இன்று கணிக்கப்படுகின்றது. அக்கணக்கிற்கு வாயில் திறந்தவர் அவரே.

மாணவ நண்பர்களே, ஹட்டனது வாழ்வில் நாம் கருதத்தக்கவை பல. வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவம், நவச்சாரத் தொழில், உழவு என்று பல துறைகளில் அவர் காலங் கழித்தார். பார்ப்போர்க்கு அது திசையற்ற அலைச்சலாய்த் தோன்றியிருக்கும். ஆயின் ரசாயனம் அவருக்கு வெப்பத்தின் இயல்பைக் கற்பித்தது. மருத்துவம் சுழற்சியைக் கற்பித்தது. உழவு தேய்வைக் கற்பித்தது. கற்றது எதுவும் வீண்போகவில்லை. அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. தம் கொள்கையை அரங்கேற்றிய பின்னரும், அது பொய்யாகக்கூடிய இடம் எதுவென்று தேடி, முதுமையில் அவ்விடத்திற்கே நடந்து சென்றார். தமக்கு வேண்டிய விடையைத் தரும் கல்லையன்று, உண்மையான விடையைத் தரும் கல்லை நாடினார்.

வழியிற் கிடக்கும் மணற்கல்லும் கிரானைட்டும் இனி நமக்கு வெறுங் கற்களல்ல. ஒன்று, ஒரு மலை இருந்து அழிந்தது என்று கூறுகின்றது. மற்றொன்று, நிலத்தை மீண்டும் எழுப்பும் ஆற்றல் ஆழத்தில் உண்டு என்று கூறுகின்றது. இரண்டையும் ஒருங்கே கேட்டவர் ஜேம்ஸ் ஹட்டன்.